யார் வீட்டுப் புகைபோக்கி?

2025-ஆம் வருஷத்து நவராத்திரிக்கு நான் கலிபோர்னியாவில் என் தங்கை வீட்டில் இருந்தேன். சான் ஓசே நகரத்துக்குப் பக்கத்தில், ஒரே அச்சில் வார்த்தெடுத்தது போல் வரிசையாக நிற்கும் டவுன்ஹவுஸ் வீடுகளில் ஒன்று அவளுடையது. இந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். கூடத்தின் நட்டநடுவில், நம் ஊரில் சுவாமி படம் மாட்டுகிற இடத்தில், ஒரு கணப்பு இருக்கிறது. குளிர் காலத்தில் விறகு எரித்துக் குளிர் காய்வதற்காகக் கட்டியது. என் தங்கை அந்த வீட்டை வாங்கி நாலு வருஷமாகிறது. அந்தக் கணப்பில் ஒரு சுள்ளி கூட அவள் எரித்ததில்லை. உள்ளே ஒரு குத்துவிளக்கை வைத்து, மேலே தோரணம் கட்டி, அதைப் பூஜை மாடமாகவே ஆக்கிவிட்டாள்!

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் கையில் கடிதத்துடன் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அக்கா, இந்த அநியாயத்தை நீயே பார்!"

கடிதம் வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்திலிருந்து வந்திருந்தது. அதன் சாரம் இதுதான்: ஒவ்வொரு வீட்டுக்காரரும் அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் தம் வீட்டுப் புகைபோக்கியைத் தகுதி பெற்ற ஆளைக் கொண்டு சோதித்துச் சுத்தம் செய்ய வேண்டும். உச்சியில் உள்ள தொப்பியோ தகடோ பழுதாகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். எல்லாச் செலவும் வீட்டுக்காரரைச் சேர்ந்தது. செய்ததற்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். தவறினால் சங்கமே ஆளை அனுப்பிச் செய்துவிட்டுத் தொகையை அவர் கணக்கில் ஏற்றும்.

"நாங்கள் நெருப்பே மூட்டுவதில்லை. பின்னே எதற்கு இருநூறு டாலர் தண்டம் அழ வேண்டும்? வீடு எங்களுடையது, புகைபோக்கி எங்களுடையது. சுத்தம் பண்ணு என்று சொல்ல இவர்கள் யார்?"

இந்தக் கேள்வி என் தங்கைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் இப்படிப்பட்ட சங்கங்களின் ஆட்சியில் ஏழு கோடிக்கும் அதிகமான மக்கள் குடியிருக்கிறார்கள். நம்மவர்களின் பிள்ளைகளும் பெண்களும் அங்கே வீடு வாங்கும்போது பெரும்பாலும் இப்படி ஒரு சங்கத்துக்குள்தான் காலடி வைக்கிறார்கள். புல்லை வெட்டு, கதவுக்கு இந்த வர்ணம் அடி என்றெல்லாம் கடிதம் வரும். புகைபோக்கிக் கடிதமும் அதில் ஒரு வகை.

பக்கத்து வீட்டுப் பாட்டி

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தாள். எண்பது வயதிருக்கும். கணவரை இழந்தவள். கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. தன் வீட்டுத் தோட்டத்து எலுமிச்சம் பழங்களை ஒரு கூடையில் கொண்டு வந்திருந்தாள். என் தங்கை அவளிடமும் குறைப்பட்டுக் கொண்டாள்.

அந்த அம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. எங்களை வாசலுக்கு அழைத்துப் போய், தடியால் கூரையைச் சுட்டிக் காட்டினாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு சதுரக் கூண்டு கூரைக்கு மேல் எழும்பி நின்றது. அதன் தலையில் இரண்டு குழாய்கள், ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளி.

"ஒன்று உங்களுடையது, இன்னொன்று என்னுடையது. அந்தக் கூண்டு செங்கல் கட்டடம் என்று நினைக்கிறாயா, குழந்தை? மேலே சிமென்ட் பூச்சு, உள்ளே வெறும் மரச்சட்டம். அந்தச் சுவரை ஒட்டித்தான் மாடியில் என் கட்டில் கிடக்கிறது" என்றாள்.

அப்புறம் எலுமிச்சம் பழத்தில் ஊறுகாய் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். என் தங்கை வெகு நேரம் வாசலிலேயே நின்று கொண்டிருந்தாள்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

விறகு எரியும்போது கிளம்பும் புகையில் நீராவியும், முழுவதும் எரியாத தார் போன்ற பொருள்களும் கலந்திருக்கும். குழாயின் மேற்பகுதி குளிர்ந்திருப்பதால் அவை அங்கே படிந்துவிடுகின்றன. இதற்குக் கிரியோசோட் என்று பெயர். முதலில் உதிரிக் கரியாக இருக்கும். பிறகு பொருக்குத் தட்டும். கடைசியில் கண்ணாடி போல் பளபளக்கும் கெட்டிக் கீலாகிவிடும். இந்தக் கீல் தானே எரியக் கூடியது. ஒரு நாள் கணப்பிலிருந்து ஒரு பொறி மேலே போய்ப் பற்றிக் கொண்டால், குழாய்க்குள் வெப்பம் 2000 டிகிரி பாரன்ஹீட் வரை ஏறக் கூடும். குழாயில் ஒரு விரிசலோ துருப்பிடித்த ஓட்டையோ இருந்தால் அப்புறம் மரச்சட்டத்தைக் கேட்க வேண்டுமா?

படிவு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கனத்தாலே துடைத்துவிட வேண்டும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. நெருப்பு மூட்டினாலும் மூட்டாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்கத் தேசிய தீத்தடுப்புச் சங்கத்தின் 211-ஆம் எண் விதிமுறை. நெருப்பே மூட்டாத குழாயில் பறவை கூடு கட்டும். மழைத் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். முன்பு குடியிருந்தவர் எரித்த விறகின் கீல் அப்படியே இருக்கும்.

பழைய வழக்கம்தான்

பிறத்தியார் வீட்டுப் புகைபோக்கியில் ஊரார் மூக்கை நுழைப்பது இன்று நேற்று வந்ததல்ல. இப்போது நியூயார்க் என்று பெயர் பெற்றிருக்கும் நகரம் டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாமாக இருந்தபோது, 1648-ல் அதன் கவர்னர் பீட்டர் ஸ்டைவெசன்ட் வீடு வீடாகப் போய்ப் புகைபோக்கியைப் பார்க்கச் சில பேரை நியமித்தார். அழுக்காக வைத்திருந்தவர்களுக்கு அபராதம். அந்தப் பணத்தில் தீயணைக்கும் ஏணியும் வாளியும் கொக்கியும் வாங்குவது என்று ஏற்பாடு! அதற்கும் முன்பே, 1631-ல், பாஸ்டன் நகரத்தில் மரத்தால் புகைபோக்கி கட்டக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1735-ல் தம் பத்திரிகையில், தம்மை ஒரு வயோதிகர் என்று சொல்லிக் கொண்டு, பிலடெல்பியா மக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். புகைபோக்கி துடைப்பவர்களுக்கு நகரத்தலைவர் லைசென்ஸ் கொடுக்க வேண்டும், துடைத்த 15 நாளைக்குள் அந்தப் புகைபோக்கி தீப்பற்றினால் துடைத்தவனே அபராதம் கட்ட வேண்டும் என்பது அவர் யோசனை. நல்ல யோசனைதானே?

அந்தக் காலத்தில் ஊரின் அதிகாரம் இதைச் செய்தது. இப்போதும் நகரத்துத் தீயணைப்பு இலாகாவின் விதிகள் தனியாக இருக்கின்றன. ஆனால் சங்கம் என்பது சர்க்கார் அல்லவே? அதற்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது?

அலமாரியில் இருந்த அதிகாரம்

என் தங்கை கணவர் அமைதியானவர். மனைவி கோபித்துக் கொண்டிருக்கும் நேரத்தில் அவர் பேசுவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அலமாரியிலிருந்து ஒரு தடித்த கட்டை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். வீடு வாங்கியபோது கொடுத்த தஸ்தாவேஜுகள். அதில் நூறு பக்கத்துக்கு மேல் சங்கத்தின் பிரகடனப் பத்திரம். அங்கே அதைச் "சி.சி. அண்ட் ஆர்" என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

"இதை நீங்கள் படித்ததுண்டா, மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டதுண்டு" என்றார் அவர் சிரித்துக் கொண்டே.

அங்கேதான் சூட்சுமம். சங்கத்தின் அதிகாரம் முழுவதும் அந்தப் பத்திரத்திலிருந்து வருகிறது. அதை ரிஜிஸ்தர் செய்திருக்கிறார்கள். வீட்டை யார் வாங்கினாலும், படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும், அது அவரைக் கட்டுப்படுத்தும். 1994-ல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. கல்வர் சிட்டியில் ஒரு பெரிய குடியிருப்பு. அதன் பத்திரத்தில் பூனை, நாய் கூடாது என்று இருந்தது. மூன்று பூனைகளை வளர்த்த ஒரு பெண்மணி, "என் பூனைகள் வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லையே!" என்று வாதாடினாள். ரிஜிஸ்தர் ஆன பத்திரத்திலுள்ள கட்டுப்பாடு நியாயமானது என்றே கொள்ள வேண்டும், அது முற்றிலும் தான்தோன்றித்தனமானது அல்லது பொது நலனுக்கு விரோதமானது என்று காட்டினால் ஒழியச் செல்லும் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. பிற்பாடு அந்த மாநிலத்துச் சட்டசபை, 2001 முதல் ஏற்படும் பத்திரங்களில் ஒரு செல்லப் பிராணிக்காவது இடம் தர வேண்டும் என்று சட்டம் செய்தது வேறு விஷயம்.

1999-ல் இன்னொரு வழக்கு, சான் டியேகோ பக்கம் லா ஹோயாவில். கட்டடத்தில் கறையான். முழுக் கட்டடத்துக்கும் மருந்துப் புகை போட வேண்டும் என்றாள் ஒரு வீட்டுக்காரி. அரித்த இடத்துக்கு மட்டும் மருந்து வைத்தால் போதும் என்றது கமிட்டி. தக்கபடி விசாரித்து, நல்லெண்ணத்துடன், தன் அதிகாரத்துக்குள் கமிட்டி முடிவு செய்திருந்தால் பொதுப் பராமரிப்பு விஷயத்தில் அதன் முடிவில் கோர்ட்டு தலையிடாது என்பது தீர்ப்பு.

ஆக, "இவர்கள் யார்?" என்ற கேள்விக்கு விடை, "நீ கையெழுத்துப் போட்டு ஏற்றுக் கொண்டவர்கள்" என்பதுதான். ஆனால் அதே பத்திரம் இன்னொன்றும் சொல்லும்: அவர்கள் எதுவரை போகலாம் என்று.

மூவருமாக உட்கார்ந்து தேடினோம். நள்ளிரவுக்குச் சற்று முன் அந்த ஷரத்து அகப்பட்டது. கணப்பையும் புகைக்குழாயின் உட்புறத்தையும் சுத்தமாக வைத்துக் கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. கூரைக்கு மேலுள்ள கூண்டு, அதன் தகடு, தொப்பி ஆகியவற்றைப் பழுது பார்ப்பதும் மாற்றுவதும் சங்கத்தின் பொறுப்பு.

பத்திரம் இதைப் பற்றிப் பேசாமல் இருந்தால் என்ன செய்வது? அதற்குக் கலிபோர்னியாவில் ஒரு பொது விதி இருக்கிறது. 2017 முதல் அமலில் உள்ளது. பொது இடத்தைச் சேர்ந்தது, ஆனால் ஒரு வீட்டுக்காரர் மட்டுமே அனுபவிப்பது என்று சில பகுதிகள் உண்டு. அவற்றைச் சுத்தமாகப் பராமரிப்பது அந்த வீட்டுக்காரர் வேலை; பழுது பார்ப்பதும் மாற்றுவதும் சங்கத்தின் வேலை. தனித் தனி வீடுகள் உள்ள குடியிருப்பில் புகைபோக்கி முழுவதுமே வீட்டுக்காரர் சொத்தாக இருக்கலாம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் மாறும். பத்திரத்தைப் பார்க்காமல் சண்டைக்கும் போகக் கூடாது, பணத்தையும் கட்டக் கூடாது.

துடைப்பவர் வந்தார்

என் தங்கை ஒரு தீர்மானத்துக்கு வந்தாள். சுத்தம் செய்வது நம் கடமை, செய்துவிடுவோம். தகடும் தொப்பியும் நம் தலையில் விழக் கூடாது, அதைக் கேட்போம்.

அடுத்த வாரம் புகைபோக்கி துடைப்பவர் வந்தார். முன்னொரு காலத்தில் இங்கிலாந்தில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளைக் குழாய்க்குள் ஏறவிட்டுத் துடைத்தார்கள். எத்தனையோ சட்டம் போட்டும் நிற்காமல், 1875-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தக் கொடுமை ஓய்ந்தது. இப்போது நீளக் கம்பியும், அதன் முனையில் பிரஷ்ஷும், கரி பறக்காமல் உறிஞ்சிக் கொள்ளும் யந்திரமும் வந்துவிட்டன. கம்பி முனையில் ஒரு காமிராவைக் கட்டி மேலே அனுப்பி, குழாய்க்குள் இருப்பதை எங்களுக்குக் காட்டினார் அந்த மனிதர்.

முதலில் தெரிந்தது ஒரு கூடு. நல்ல வேளையாகக் காலியாக இருந்தது. முட்டையோ குஞ்சோ இருந்திருந்தால், பெரும்பாலான பறவைகளின் கூட்டை எடுப்பது 1918-ஆம் வருஷத்துப் பறவைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாம். கூட்டுக்குக் கீழே கண்ணாடி போல் பளபளக்கும் கறுப்புக் கீல். முன்பு இருந்தவர் எரித்த விறகின் மிச்சம். உச்சியில் கம்பிவலைத் தொப்பி கிழிந்து, தகடு துருப்பிடித்து, மழைத் தண்ணீர் மரச்சட்டத்தில் இறங்கிய தடம்.

"இந்தக் கணப்பை நீங்கள் ஒரு முறையாவது மூட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. வருகிற கிறிஸ்மஸ் விடுமுறைக்கு நாத்தனார் குழந்தைகள் வருகிறார்கள். ஆசைக்கு ஒரு நாள் மூட்டலாம் என்றிருந்தோம்" என்றாள் தங்கை.

அவர் ஒன்றும் சொல்லாமல் குத்துவிளக்கைக் கையில் எடுத்து மேஜைமேல் வைத்தார். என் தங்கையின் கண்கள் அந்தப் பொதுச் சுவரின் பக்கம் போயின. அந்தச் சுவருக்கு அப்பால்தானே மாடியில் அந்தக் கட்டில்!

இரண்டு மணி நேரம் வேலை நடந்தது. துடைத்ததற்கு ரசீதும், தகட்டையும் தொப்பியையும் மாற்ற வேண்டும் என்று படத்துடன் ஓர் அறிக்கையும் கொடுத்தார்.

கமிட்டிக்கு முன்னால்

நவராத்திரிக்கு நாலு நாள் முன்பு சங்கத்தின் கூட்டம். என் தங்கை கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டிக் கொண்டு, பத்திரத்தில் அந்த ஷரத்துக்குச் சிவப்பு மையால் கோடு போட்டு எடுத்துப் போனாள். கமிட்டியில் ஐந்து பேர். எல்லோரும் அங்கேயே குடியிருப்பவர்கள். சம்பளம் இல்லாத வேலை.

அவள் சத்தம் போடவில்லை. "குழாயைச் சுத்தம் செய்துவிட்டோம். இதோ ரசீது. நீங்கள் கேட்டது சரிதான் என்று இப்போது தெரிகிறது. ஆனால் உச்சித் தகடு உங்கள் பொறுப்பு என்று உங்கள் பத்திரமே சொல்கிறது. இந்தக் கடிதம் எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறது. தெரியாமல் எத்தனை பேர் பணம் கட்டுவார்கள்?" என்று கேட்டாள்.

தலைவர் பத்திரத்தை வாங்கிப் படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசிக் கொண்டார்கள். பிறகு தலைவர், கடிதம் தவறாக எழுதப்பட்டுவிட்டது என்று ஒப்புக் கொண்டார். தகடும் தொப்பியும் சங்கத்தின் செலவில், வரிசை முழுவதற்கும் ஒரே சமயத்தில் மாற்றப்படும் என்று தீர்மானமாயிற்று. பின்வரிசையில் ஒரு தடி தரையில் இரண்டு முறை தட்டியது. திரும்பிப் பார்த்தோம். எலுமிச்சம்பழப் பாட்டி!

கடிதம் வந்தால் என்ன செய்வது?

அமெரிக்காவில் உங்கள் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ இப்படி ஒரு கடிதம் வந்தால், இந்த ஐந்து விஷயங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று: பத்திரத்தில் "கணப்பு", "புகைபோக்கி", "பொது இடம்" என்று வரும் ஷரத்துக்களைத் தேடிப் படிக்க வேண்டும். சுத்தம் செய்வது யார், மாற்றுவது யார் என்று தனித் தனியாகப் பார்க்க வேண்டும்.

இரண்டு: இது பத்திரத்தில் உள்ள கடமையா, கமிட்டி புதிதாகச் செய்த விதியா என்று கேட்க வேண்டும். விதி பத்திரத்துக்கு முரணாக இருக்கக் கூடாது. கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட விதியை மாற்றுவதற்கு 28 நாள் முன்னதாக அங்கத்தினர்களுக்கு அறிவிக்க வேண்டும்.

மூன்று: குறிப்பிட்ட கம்பெனியைத்தான் வைக்க வேண்டுமா, தகுதி பெற்ற எவரையும் வைக்கலாமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். அண்டை வீட்டார் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் ஆளை அழைத்தால் கூலி குறையும்.

நான்கு: அபராதம் என்றால் பயந்துவிடக் கூடாது. கலிபோர்னியாவில் 10 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்து, நம் பக்கத்தைச் சொல்ல இடம் தர வேண்டும். 2025 நடுவில் வந்த திருத்தப்படி சாதாரணத் தவறு ஒன்றுக்கு 100 டாலருக்கு மேல் அபராதம் போட முடியாது. கூட்டத்துக்கு முன் தவறைச் சரி செய்துவிட்டால் அபராதமே கிடையாது. ஆனால் பிறர் உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தான தவறுக்கு இந்த உச்ச வரம்பு பொருந்தாது. கமிட்டி பகிரங்கக் கூட்டத்தில் எழுத்து மூலம் அப்படி முடிவு செய்தால் போதும். கீல் படிந்த புகைபோக்கி எந்த வகையில் சேரும் என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்!

ஐந்து: ரசீதையும் சான்றிதழையும் பத்திரமாக வைக்க வேண்டும். வீட்டை விற்கும்போதும், இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும்போதும் உதவும்.

நவராத்திரி வந்தது. இந்தத் தடவை கொலுப் படியைக் கணப்புக்கு எதிர்ச் சுவரில் கட்டினோம். முதல் நாள் சுண்டல் பக்கத்து வீட்டுக்குத்தான் போயிற்று. மறுநாள் பாட்டி தடியை ஊன்றிக் கொண்டு கொலு பார்க்க வந்தாள். ஒவ்வொரு பொம்மையாக விசாரித்துக் கொண்டே வந்தவள், கீழ்ப்படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த காகிதத்தைப் பார்த்துக் கண்ணாடியைச் சரி செய்து கொண்டாள்.

"இது எந்தத் தெய்வம்?" என்று கேட்டாள்.

"புகைபோக்கிச் சான்றிதழ்" என்றாள் என் தங்கை.